டொக்காணி யார் ஊட்டு வார்த்தை

மழைக்காலம் வந்துவிட்டால் கள்ளிக்குப்பத்து அந்த இரண்டாம் மாடி வீட்டில் முதலில் நனைவது 'ம' வரிசைதான். வடக்குச் சுவரில் ஓதம் ஏறும். அந்தச் சுவரை ஒட்டித்தான் மகரத்தில் தொடங்கும் சொற்களின் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஹேமநாதன் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னால், 'ம'வைத் தூக்கிக்கொண்டுபோய் 'க'வின் தலைமேல் வைப்பார். வெயில் அடித்தால் மறுபடியும் இறக்கி வைப்பார்.

எல்லாம் செருப்புக் கடைப் பெட்டிகள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய சீட்டுகள். சீட்டின் தலையில் சொல். அதன்கீழே யாரோ ஒருவர் பேசிய வாக்கியம், பேசினது பேசினபடியே. அதற்கும் கீழே பேசினவர் பெயர், ஊர், செய்யும் வேலை, எங்கே நின்று பேசினார் என்பது. அர்த்தம் எழுத சீட்டில் இடமே கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், அகராதி என்கிறீர்கள், அர்த்தம் எங்கே என்று. அர்த்தம் கடைசியில்தான் வரும். ஒரே சொல்லின் சீட்டுகளை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிவைத்துப் படித்துக்கொண்டே இருந்தால், எல்லா வாக்கியத்துக்கும் பொதுவாக ஒன்று தெரியும். அதுதான் அர்த்தம். ஒரு வாக்கியம் மட்டும் சேராமல் தனியே நின்றால், அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் இருக்கிறது என்று கணக்கு.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரப் பேச்சுச் சொற்களுக்கு இப்படி ஓர் அகராதி செய்ய வேண்டும் என்று தொடங்கியவள் பார்வதம். பூந்தமல்லிக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வேலையே காதால்தான். குரலைக் கேட்டே ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்லிவிடுவாள். ஆவடிக்காரரான அவள் வீட்டுக்காரர் ஹேமநாதன் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மனைவியின் வேலையில் வந்து சேர்ந்தார். சேர்ந்த பிறகு, விளக்கம் எழுதுவதில் அவளையே மிஞ்சினார். ஒரு பொருளுக்கு விளக்கம் எழுதியதும், அது என்ன என்று சொல்லாமல், அதைப் பார்த்தே இராத ஒருவரிடம் படித்துக் காட்டுவார். கேட்டவர் அதை வரைய வேண்டும், அல்லது செய்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் விளக்கத்தில்தான் கோளாறு. முன்னால் சரக்குப் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு இப்படி பதினோரு தடவை மாற்றி எழுதினார்.

ஒரு சொல்லை உள்ளே சேர்க்க பார்வதம் வைத்திருந்த விதி சின்னது, ஆனால் கறாரானது. மூன்று பேர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அந்த மூவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கக் கூடாது. முக்கியமாக, நாம் கேட்டு அவர்கள் சொல்லியிருக்கக் கூடாது. "இந்த வார்த்தை உங்க பக்கம் சொல்வாங்களா?" என்று கேட்டால் மனுஷர்கள் மரியாதைக்காவது "ஆமா, சொல்வாங்க" என்பார்கள். அந்த "ஆமா"வை நம்பக் கூடாது. அதனால் கறிக்கடையிலும் டைலர் கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் வேறு ஏதோ பேசிக்கொண்டு, சொல் தானாக வந்து விழும்வரை காத்திருக்க வேண்டும். புத்தகத்தின் முன்னுரையிலும் இதை எழுதியிருந்தாள்: 'இதில் உள்ள எந்தச் சொல்லும் எங்கள் சொல் அல்ல. ஒருவரையொருவர் அறியாத மூவர் தாமாகப் பேசக் கேட்ட பிறகே ஒவ்வொன்றையும் சேர்த்தோம்.' முன்னுரையில் அவளுக்குப் பிடித்த வரி அதுதான்.

அச்சுக்குப் போகும் வாரம். காலையிலிருந்தே தூறல். பதிப்பகத்தில் பக்கம் கட்டும் மோகனப்பிரியா கடைசி மெய்ப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அம்பத்தூரில் மூன்று பெண்களோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். நனைந்த பையைத் துடைத்து, தாள்களை மேசைமேல் வைத்தாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"டொக்காணி நவுந்துடுச்சி போல. பார்வதம், அதை உள்ள தள்ளு," என்றார் ஹேமநாதன். வடகறி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இட்லிக்காகக் காத்திருந்தார்.

பார்வதம் குனிந்து, மேசைக் காலுக்கு அடியிலிருந்து நழுவிய மடித்த அட்டையை உள்ளே தள்ளினாள். மேசை நின்றது.

மோகனப்பிரியா சிரித்தாள். "இந்தப் பக்கத்தைத்தான் நேத்து சரிபார்த்தேன் சார். 'டொக்காணி: மேசை, பெஞ்சு முதலியன ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் மடித்து வைக்கும் அட்டை, தாள், துணி.' ஆப்புன்னா மரம், அடிச்சு இறக்கணும். இது அடிக்க வேண்டாம், சொருகினாப் போதும். நல்லாப் பிரிச்சிருக்கீங்க."

"பின்ன? பன்னெண்டு வரிக்கு இருந்திச்சி. இட்ச்சி இட்ச்சி மூணு வரிக்குக் கொண்ணாந்தேன்," என்றார்.

"ஆனா அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"கேளு."

"நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அகராதியில இருக்கிற வார்த்தை பூரா எங்கயாவது காதுல விழுது. பேஜாரு, டேக்கா, அப்பாலிக்கா எல்லாம் ஷேர் ஆட்டோவுலயே கேட்டாச்சு. இந்த டொக்காணியை மட்டும் இந்த வீட்டைத் தவிர வேற எங்கயும் நான் கேக்கல."

"நீ ஃபேக்டரி ஆளுங்களோட பழகல, அதான்," என்றாள் பார்வதம், இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே. "அது ஆவடி வார்த்தை. இவரு அங்கேர்ந்து கொண்ணாந்தாரு."

ஹேமநாதன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நானா?"

"பின்ன யாரு?"

"ஃபேக்டரில நாங்க பேக்கிங்னு சொல்வோம். டொக்காணி உங்க பூந்தமல்லி வார்த்தை இல்ல? நீ கல்யாணமாகி வந்தப்ப எட்தாந்தது."

"எங்க ஊட்ல யாரும் அப்டி சொன்னது கிடையாதுங்க. எங்க அப்பா அண்டை குடுன்னுதான் சொல்வாரு."

அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"அப்ப இது யாரு ஊட்டு வார்த்தை?" என்றார் ஹேமநாதன்.

பார்வதம் கை கழுவிக்கொண்டு நேரே 'ட' பெட்டிக்குப் போனாள். டொக்காணிக்கு மூன்று சீட்டு இருந்தது, விதிப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் சரவணக்குமார். கீழ்வீட்டில் தைக்கும் ராஜகுமாரி. நசரத்பேட்டையில் டீக்கடை முகமது ஆசிக். மூன்று வேலை, மூன்று ஊர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் மூவருக்கும் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சரவணக்குமாருக்குப் போன் போட்டார் ஹேமநாதன். பின்னால் லேத் ஓடும் சத்தம்.

"இன்னா நைனா, காலைலயே?"

"டொக்காணின்னு சொல்றியே, அது யாரு சொல்லி உனக்குத் தெரியும்?"

"இன்னா நைனா டெஸ்ட் வெக்கிற? நான் அப்ரண்டிஸா கீறப்ப நீதான டெய்லி கத்துவ, டொக்காணி வைடா, டொக்காணி வைடான்னு. வெக்காததுக்கு ஒரு நாள் மண்டைல கொட்டு வேற வெச்ச."

ஹேமநாதன் போனை வைத்துவிட்டார். பார்வதம் அதற்குள் கீழே போய் வந்துவிட்டாள். ராஜகுமாரி சொன்னது இன்னும் சுருக்கம்: "நீதாங்கா எம் மிஷின் ஆடுதுன்னு துணிய மடிச்சி வெச்ச. வெச்சிட்டு அது பேரு டொக்காணின்ன."

"ரெண்டு போச்சி," என்றாள் பார்வதம். "ரெண்டும் நம்ம ஊட்லேர்ந்து போய் நம்ம கிட்டயே திரும்பி வந்திருக்கு. நாமளும் ஒயுங்கா சீட்டு எழுதி வெச்சிகினு இருந்திருக்கோம்."

"ஒரு வார்த்தைக்காக இப்ப இன்னா வந்துடப் போவுது? எவன் வந்து கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்."

ஹேமநாதனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அவர் எழுதிய விளக்கங்களில் ஒரு திருத்தமும் இல்லாமல் பார்வதம் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். எடுத்துவிடலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஆசிக் பாய் மிச்சம் கீறாரு. அவரு எங்கயோ நசரத்பேட்டைல கீறாரு. அவரு கிட்ட நான் அந்த வார்த்தைய சொன்னதே இல்ல. சத்தியமா," என்றார்.

"மூணு பேரு வேணும்னா ஒருத்தரு எப்டி போதும்?"

"வேர் வேற இடத்துல கீதுன்னு தெரிஞ்சா அப்பால ரெண்டு பேரத் தேடிக்கலாம் இல்ல? வா, போய்ப் பாத்துடலாம்."

மோகனப்பிரியா மணியைப் பார்த்தாள். "அம்மா, இன்னொரு சிக்கல் இருக்கு. முன்னாடி பாரமும் பின்னாடி பாரமும் அச்சுக்கு ப்ளேட் போட்டாச்சு, இனி மாத்த முடியாது. 'ட' இருக்கிற பாரம், அந்தப் பதினாறு பக்கம் மட்டும்தான் பாக்கி. இதுல மூணு வரியை எடுத்தா, கீழ உள்ளதெல்லாம் மேல ஏறும். பக்கத்துத் தலையில போட்டிருக்கிற சொல்லு மாறும். கடைசிப் பக்கத்துல ஓட்டை விழும். அதனால எடுக்கிறதுன்னா, அதே இடத்துல வேற மூணு வரி வேணும். டேக்காவுக்கும் டொக்குக்கும் நடுவுல, இல்ல அதுங்களுக்குள்ளயே. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

டேக்கா என்றால் ஏமாற்றி நழுவுவது. டொக்கு என்றால் ஒட்டிப்போன கன்னம். டொக்குக்கு இன்னொரு பொருளும் இருப்பது பார்வதத்துக்குத் தெரியும்: தகரத்தில் இடி பட்டு விழும் பள்ளம். ஆனால் அதற்கு இரண்டு சீட்டுதான் கிடைத்தது. மூன்றாவது கிடைக்காததால் வெளியே நின்றது.

மறுநாள் காலையில் இருவரும் டிவிஎஸ்ஸில் கிளம்பினார்கள். தூறல் விட்டபாடில்லை. ஹேமநாதன் ரெயின்கோட் போட்டுக்கொண்டார். பார்வதம் பின்னால் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டுக்கட்டை ப்ளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு ஏரி நிரம்பிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, பூந்தமல்லி நெரிசலில் ஊர்ந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். லாரிகள் வாரி அடித்த சேறு ஹேமநாதனின் கண்ணாடியில் பட்டது.

ஆசிக்கின் கடை தெருமுனையில் இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், கண்ணாடிப் பெட்டிக்குள் சமோசா.

"இன்னா அண்ணாத்தே, இந்த மயையில அண்ணியையும் இட்டுகினு வந்துகீற?"

"டீ குடிக்கலாம்னு வந்தோம் பாய்."

"ஏன், கள்ளிக்குப்பத்துல டீத்தூள் தீந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஆசிக் பாலை ஏற்றினார். "உட்காரு அண்ணி. சமோசா சூடா கீது."

பார்வதம் உட்கார்ந்தாள். நேரடியாகக் கேட்க முடியாது. முதலில் அவராகச் சொல்ல வேண்டும். மழை பற்றிப் பேச்சு போனது, மெட்ரோ வேலை பற்றிப் போனது, வெங்காய விலை பற்றிப் போனது. ஹேமநாதன் பொறுமையில்லாமல் பெஞ்சை லேசாக ஆட்டிப் பார்த்தார். பார்வதம் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஆட்டாதீங்க. அது கேக்கற மாதிரிதான்."

அப்போது கடைக்கு எதிரே நின்ற ஒரு பழைய வேனைக் காட்டி ஆசிக்கே தொடங்கினார். "எம் மச்சான் வண்டி அண்ணாத்தே. நேத்து ஒரு லாரிக்காரன் ரிவர்ஸ்ல வந்து வெச்சிட்டான். பாரு, டோர்ல எம்மாம் பெரிய டொக்கு விய்ந்துகினு கீது. உள்ளேர்ந்து தட்டினா வெளிய வந்துடும்ன்றான் டிங்கர்காரன். எங்க வர்றது? நாலு தட்டு தட்டினான், ஒரு டொக்கு நாலு டொக்கா ஆயிடுச்சி."

பார்வதத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. கவரைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்து, சமோசாத் தட்டின் மறைவில் வைத்து எழுதினாள். ஒரு சொல்லும் மாறாமல். ஒரு டொக்கு நாலு டொக்கா ஆயிடுச்சி. அவள் முகத்தைப் பார்த்து ஹேமநாதனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு நகை எடுத்தபோதுகூட அவள் இப்படி முகம் மலர்ந்ததில்லை என்று பிறகு மோகனப்பிரியாவிடம் சொன்னார்.

எழுதி முடிப்பதற்குள் ஹேமநாதன் டீ வாங்க எழுந்தார். ஒரு பக்கம் பாரம் குறைந்ததும் பெஞ்சு தானாகவே ஆடியது.

"இரு அண்ணி, டொக்காணி நவுந்திருக்கும்," என்று ஆசிக் குனிந்து, பிஸ்கட் அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் தள்ளினார்.

ஹேமநாதன் டீ க்ளாஸோடு அப்படியே நின்று மனைவியைப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை.

சொல் வந்துவிட்டது. இனிக் கேட்கலாம். "பாய், இந்த டொக்காணி உங்க ஊட்ல சொல்ற வார்த்தையா?" என்றாள் பார்வதம்.

"எங்க ஊட்லயா? இல்ல அண்ணி. உங்க பொண்ணு கார்த்திகா இங்க காலேஜுக்கு வந்துகினு இருந்திச்சே, பஸ்ஸுக்கு இந்த பெஞ்சுலதான் உட்காரும். ஒரு நாள் இது ஆடுச்சி. பாய், ஒரு டொக்காணி குடுங்கன்னுச்சி. நான் இன்னாடா இது, தின்ற பொருளான்னு கேட்டேன். அதுதான் அட்டைய மட்ச்சி வெச்சிக் காட்டுச்சி. அன்னைலேர்ந்து எங்க கடைலயும் அதான் பேரு. ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல பாய்," என்றார் ஹேமநாதன். "சமோசா நல்லா கீது."

திரும்பும்போது மழை வலுத்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு பஸ் ஷெல்டரில் ஒதுங்கினார்கள். ஏரியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"நம்ம மொத ஊடு ஞாபகம் கீதா?" என்றார் ஹேமநாதன்.

"கிரைண்டர் நடக்குமே, அந்த ஊடா?"

அந்த வாடகை வீட்டுத் தரை ஒரு பக்கம் சரிவு. கல்லும் குழவியும் சுற்றும்போது கிரைண்டருக்கு ஓர் ஆட்டம் உண்டு. தரை மட்டமாக இருந்தால் நின்ற இடத்திலேயே ஆடும். சரிவென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூலிழை நகரும். மாவு அரைந்து முடிவதற்குள் அது சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்துவிடும்.

"சைக்கிள் டயர வெட்டி மட்ச்சி அடியில வெச்சேன். நின்னுடுச்சி. அன்னிக்குத்தான் அந்த வார்த்தை வந்துச்சி. இப்பதான் ஞாபகம் வருது. வெச்சது நான். பேரு வெச்சது நீ."

"நானா? நல்லா கீதே கதை. நீங்கதான் டயர கைல வெச்சிகினு, இந்தா டொக்காணின்னு சொன்னீங்க."

"நீ சொன்ன."

"நீங்க சொன்னீங்க."

பக்கத்தில் ஒதுங்கியிருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டது. ஹேமநாதன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். "எட்துடு," என்றார்.

"எத?"

"டொக்காணிய. எந்தச் சொல்லும் எங்கள் சொல் அல்லன்னு மொதல் பக்கத்துல எழுதிட்டு, எங்க சொல்ல நடுவுல வெச்சா, மத்த வார்த்தைங்க மூஞ்சில எப்டி முயிக்கறது?"

பார்வதம் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

வீட்டில் மோகனப்பிரியா லேப்டாப்போடு காத்திருந்தாள். ஆசிக்கின் சீட்டைப் பெட்டியிலிருந்த மற்ற இரண்டோடு பரப்பினார்கள். ஒன்று தண்ணீர்க் குடம், ஒன்று பீரோக் கதவு, இது வேன். 'தகரம், பித்தளை முதலியவற்றில் இடி பட்டு விழும் பள்ளம்' என்று ஹேமநாதன் ஒரே மூச்சில் சொன்னார். கீழே ஆசிக்கின் வாக்கியம். மோகனப்பிரியா தட்டச்சு செய்து பார்த்தாள். நான்கு வரி வந்தது. "நாலு தட்டு தட்டினான்"-ஐ எடுத்துவிட்டு, "ஒரு டொக்கு நாலு டொக்கா ஆயிடுச்சி" மட்டும் வைத்தாள். மூன்று வரி. பக்கம் ஓர் எழுத்துகூட நகரவில்லை.

"பாத்தீங்களா சார்," என்றாள் மோகனப்பிரியா. "டொக்காணியை எடுத்துட்டு டொக்கையே டொக்காணியா வெச்சாச்சு."

ஹேமநாதன் வெகுநேரம் சிரித்தார். பிறகு சட்டென்று, "இதுக்கு சீட்டு எழுதலாமா?" என்றார்.

"இவ நம்ம ஊட்டு ஆளு. செல்லாது," என்றாள் பார்வதம்.

அடுத்த வாரம் தாள்களை மடித்து அடுக்கும் வேலை நடந்தது. எஸ்டேட்டில் இருந்த அச்சகத்துக்கு இருவரும் பார்க்கப் போனார்கள். அச்சான பெரிய தாளில் பதினாறு பக்கமும் தலைகீழும் நேருமாக இருக்கும். பார்த்தால் வரிசையே இல்லாததுபோலத் தோன்றும். நான்காக, எட்டாக மடித்ததும் எல்லாம் தன் இடத்தில் போய் நின்றுவிடும். ஹேமநாதன் ஒரு வீணான தாளை எடுத்து மடித்து மடித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதம் 'ட' பாரத்தைத் தேடி எடுத்து, டொக்கு இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

நீண்ட மேசையில் பெண்கள் நின்று மடித்த தாள்களை வரிசைப்படி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டும் இயந்திரம் ஒரு பக்கம் தட்டுத் தட்டென்று இறங்கிக்கொண்டிருந்தது. கோடியில் நின்ற பெண்ணின் பெயர் பூங்காவனம். அவள் அடுக்கை ஓங்கித் தட்டிச் சமன் செய்யும் ஒவ்வொரு தடவையும் மேசை ஆடியது.

"அய்ய, இதான் பேஜாரு," என்று அலுத்துக்கொண்டாள். "யாராச்சும் அந்த அட்டைல ஒரு டொக்காணி மட்ச்சிக் குடுங்கம்மா."

ஹேமநாதனின் கையிலிருந்த தாள் மடிப்பு பாதியில் நின்றது.

பார்வதம் மெல்ல அவள் பக்கத்தில் போனாள். "உங்க ஊடு எங்கம்மா?"

"திருநின்றவூரு. ஏன் மேடம்?"

"கள்ளிக்குப்பத்துல, நசரத்பேட்டைல யாரையாவது தெரியுமா?"

"ட்ரெய்ன்ல வரேன், வேலைய பாக்கறேன், ட்ரெய்ன்ல போறேன். எனக்கு யாரு மேடம் தெரியும்?"

"இப்ப டொக்காணின்னு சொன்னீங்களே, அது யாரு சொல்ற வார்த்தை?"

பூங்காவனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல இன்னா மேடம் கீது? அது பேரே அதான். எங்க ஊட்டுக்காரரு சொல்வாரு." கழுத்தைத் திருப்பி, வெட்டும் இயந்திரத்தின் பக்கம் தாள் கட்டு தூக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்தினாள். "யோவ்! டொக்காணின்றது உன் வார்த்தை தான?"

அவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "என்னுது இல்ல. உங்க அம்மா ஊட்லேர்ந்து நீதான் எட்தாந்த!"

"நானா?" என்றாள் பூங்காவனம்.

ஹேமநாதன் கையிலிருந்த வீண்தாளை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, குனிந்து, மேசையின் காலுக்கு அடியில் சொருகினார். பூங்காவனம் அடுக்கைத் தட்டினாள். ஆட்டம் இல்லை.

பார்வதம் இடுப்பிலிருந்து ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். தலையில் சொல்லை எழுதினாள். அதன்கீழே அந்த வாக்கியம், அதன்கீழே பெயர், ஊர், வேலை, கேட்ட இடம்.

"ஒண்ணு," என்றார் ஹேமநாதன்.

"ஒண்ணுதான்," என்று சொல்லி அவள் சீட்டைப் பத்திரமாகக் கவரில் வைத்தாள். "இன்னும் ரெண்டு பேரு எங்கயோ பேசிகினுதான் கீறாங்க."